ஏ.எம்.வி. செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வேலை முடிந்த இரவுகளில் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) காட்சிகளை வெட்டி, இசைக்குப் பொருத்தி ஏ.எம்.வி. (அனிமே மியூசிக் வீடியோ) செய்வேன். இந்த முறை எடுத்திருப்பது எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிவுசெய்த உறுமி மேளம். உறுமி இழுக்கும்போது வாள் மெல்ல உறையைவிட்டு வருகிறது, அடி விழும்போது வெட்டு விழுகிறது. பார்க்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது!

சிக்கல் என்னவென்றால், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. அனிமே நொடிக்கு 23.976 ஃபிரேம் (தனிப்படம்), நான் வெட்டி ஒட்டும் மென்பொருளில் வைத்திருக்கும் டைம்லைன் 30. கணக்கு சரிக்கட்ட, நாலு ஃபிரேமுக்கு ஒன்றை மென்பொருள் இரட்டிக்கிறது. இப்போது 23.976க்கு மாற்றினால், தாளத்துக்கு வைத்த வெட்டுகள் நகர்ந்துவிடுமா? எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்டாமல் காப்பாற்ற வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் அனிமே, காமிக் ரசிகர் விழாவான காமிக் ஃபியஸ்டாவுக்குப் பேராக்கிலிருந்து யாராவது குழுவாகப் போகிறீர்களா? இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் கேஎல்சிசி என்று நினைத்திருக்கிறேன். தங்கையும் காஸ்ப்ளே (கதாபாத்திர வேடம்) உடையோடு வருகிறாள். கூட அக்காமார் யாராவது இருந்தால்தான் அம்மா அனுப்புவார். பின்னூட்டத்தில் சொன்னால் போதும், நானே தொடர்புகொள்கிறேன்.