குருதிக்கொடைக் காணொளிகள் தயாரிக்க உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை இளையோரை முகநூல், வட்ஸ்அப் வழியாகத் தன்னார்வக் குருதிக்கொடைக்கு அழைத்துவர முயலும் சிலரின் சார்பில் உங்களிடம் உதவி கேட்கிறேன்.

இப்போது நம்மிடையே அதிகம் பகிரப்படுவது "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்ற திகதியற்ற செய்திதான். தேவை நிறைவேறிய பின்னரும் அது சுற்றிக்கொண்டே இருப்பதால் நோயாளியின் உறவினருக்கு அழைப்புகள் ஓய்வதில்லை. உண்மையான அவசரம் வரும்போதோ பலர் நம்பத் தயங்குகிறார்கள். பெறப்பட்ட குருதியைப் பரிசோதித்த பின்னரே நோயாளிக்கு ஏற்ற முடியும் என்பதாலும், குருதி உறைய உதவும் கூறுகளான குருதிச் சிறுதட்டுகளைச் சுமார் 5 நாட்களே பாதுகாக்க முடியும் என்பதாலும், விபத்துச் செய்தி கேட்டு ஓடிவருபவர்களைவிட, இரு கொடைகளுக்கு இடையில் இருக்கவேண்டிய 4 மாத இடைவெளி முடிந்ததும் தாமாகவே மீண்டும் வருபவர்களே இரத்த வங்கிக்குப் பெரும் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, 18 வயதைக் கடந்த, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமான ஒருவர் கொடைக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவற்றை விளக்கும் ஒரு நிமிடக் காணொளிகளைத் தயாரிக்க விரும்புகிறோம். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் ஏற்கெனவே குருதி வழங்கியவர்கள் தம் அனுபவத்தைத் தம் பேச்சுமொழியிலேயே சொன்னால் அது அயலவர்களின் அச்சத்தைப் போக்கும். நோயாளிகளின் படங்களை, அவர்கள் சம்மதித்தாலும், பயன்படுத்த மாட்டோம்.

காணொளி தொகுக்கத் தெரிந்தவர்களும், சிங்களத்தில் பிழையின்றி எழுதக்கூடியவர்களும், உள்ளடக்கத்தைச் சரிபார்க்கக்கூடிய மருத்துவத் துறையினரும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஓரிரு மணிநேரம் ஒதுக்க முடிந்தாலும் போதும்.