கார் எக்ஸ்டெண்டட் வாரண்டி: க்ளைம் கேட்டுப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஏஎம்டி ஓட்டுநர்
என்னுடையது ஏஎம்டி, அதாவது க்ளட்ச் மிதி இல்லாமல் கியர் தானாக மாறும் கார். கம்பெனி வாரண்டி முடிவதற்குள், அதற்குப் பிறகும் தொடரும் எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் காசு கட்டி எடுத்து வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதற ஆரம்பித்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் காரணம் தெரியும் என்று சர்வீஸ் அட்வைசர் ஒரு தாளை நீட்டினார். வாரண்டியில் வராத பாகம்தான் காரணம் என்று தெரிந்தால், இறக்கி ஏற்றுகிற கூலி முழுக்க என் தலையில் என்று அதில் எழுதியிருந்தது. பேனாவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, லிஃப்டில் என் வண்டி தொங்குவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது, கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது? க்ளட்ச் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். க்ளட்ச் காசும் என்னுடையது, கூலியும் என்னுடையது.

மலைச்சாலை
எனக்கு நேர்மாறாக நடந்தது. வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு, பக்கத்தில் அம்மா. முழு பலத்தையும் போட்டு இழுத்து ஓரம் கட்டினேன். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மோட்டார் போய்விட்டது, முழு அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட்டோடு பார்த்தால் வாரண்டிக்குக் கட்டியது ஒன்றுமே இல்லை. பழைய சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் கேட்டு, தேதியும் கிலோமீட்டரும் சரிபார்த்த பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு சர்வீஸ் தள்ளிப் போயிருந்தாலும் இழுத்தடித்திருப்பார்கள் என்று தோன்றியது.

டர்போ டீசல்
ஏஎம்டி ஓட்டுநருக்கு ஒன்று சொல்ல வேண்டும். க்ளட்ச் தட்டு, பிரேக் பேட், வைப்பர், டயர் எல்லாம் தேய்கிற சாமான், பொதுவாக எந்த வாரண்டியிலும் வராது. இதற்கு விற்றவர்களைத் திட்டிப் பயனில்லை. எனக்கு வாரண்டி இல்லாமல், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போனது, கைக்காசுதான்.

சரி, எடுப்பதா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் முதலில் எத்தனை வருடம் வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். சீக்கிரம் விற்பதாக இருந்தால், வாங்குகிறவர் பெயருக்கு வாரண்டி மாறுமா என்று கேளுங்கள், மாறுமென்றால் விலை பேசும்போது உதவும். நிறைய ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டர் வரம்பைப் பார்க்க வேண்டும், வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டியும் முடிந்துவிடும். சாதாரண பெட்ரோல் மேனுவல் என்றால் நான் யோசிப்பேன், டர்போ, ஆட்டோமேட்டிக், சென்சார் நிறைய உள்ள வண்டி என்றால் எடுத்துவிடுவேன். கார் கம்பெனியே தருவதா, வேறு நிறுவனம் தருவதா என்றும் பாருங்கள், வெளி நிறுவனம் என்றால் எந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம், பணத்தை நாம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் அது இன்சூரன்ஸ் விஷயம், இங்கே தேடாதீர்கள்.

ரிவர்ஸ் கேமரா
டர்போ டீசல், தேய்மானம் வராது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பிரிப்பதற்கு முன்பே கூலியை நம் தலையில் கட்டுகிறார்களே, அவர் கேட்பது அதைத்தான். விற்கும்போது ஒரு பக்க நோட்டீஸ்தான் தருகிறார்கள், விலக்குகள் உள்ள முழு புத்தகம் க்ளைம் மறுக்கும்போதுதான் மேஜைக்கு வருகிறது.

எனக்கு ஸ்டீரியோ திரை செத்துப்போனது. வெளியில் கேமரா மாட்டியபோது வயரை வெட்டிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். அட்வைசர் டார்ச் அடித்து அந்த டேப்பை மட்டும் போட்டோ எடுத்தார், க்ளைம் அங்கேயே முடிந்தது. திரைக்கும் அந்த வயருக்கும் சம்பந்தமில்லை என்று அங்கிருந்த எலக்ட்ரீஷியனே சொன்னார், எழுதித் தாருங்கள் என்றால் நகர்ந்துவிட்டார். இப்படி மறுத்ததை எதிர்த்து யாராவது எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?