ஸ்வே பார், ரோல், ஸ்டிஃப்னஸ்: ‘ஒருக்களிப்பு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கார் வளைவில் ஒரு பக்கமாகச் சரிவதை (ரோல்) குறைக்கும் ஸ்வே பாருக்குத் தமிழ்ப்பெயராக நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: நிலைப்படுத்தி, சமன்கோல், உருளல் எதிர்ப்புத் தண்டு. மூன்றுமே எனக்கு நெருடுகின்றன. ஏன் என்று சொல்ல, அந்தத் தண்டு காரில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

படுக்கவைத்த ‘ப’ போல வளைந்த எஃகுத் தண்டு அது. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் (உறைகள்) வண்டியின் உடலோடு பிடித்திருக்கும். இரு முனைகளும் இடச் சக்கரத்தோடும் வலச் சக்கரத்தோடும் இணைந்திருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும், அவ்வளவுதான். வளைவில் ஒரு சக்கரம் உடலை நோக்கி ஏறி, மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் அப்படியே. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லையென்றால் அதற்கு வேலை இல்லை.

‘நிலைப்படுத்தி’ பட்டறையில் புழங்கும் ஸ்டெபிலைசர் பாரின் நேர்ப்பெயர்ப்பு. தடித்த தண்டு போட்டால் வண்டி இன்னும் நிலையாக நிற்கும் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. பின்பக்கத் தண்டை மட்டும் தடிமனாக்கிப் பாருங்கள், வளைவில் பின்புறம் முன்னைவிடச் சீக்கிரம் வழுக்கும். ‘சமன்கோல்’ கேட்க இனிமை. ஆனால் தராசுதான் மனதில் வருகிறது. ‘உருளல்’ பந்துக்குப் பொருந்தும். கார் கவிழ்ந்தால்தான் உருளும்.

அப்படியானால் ‘சாய்வு’ என்று விடலாமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே காலாகச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அது முடியாது என்று தெரிந்தது. கேம்பருக்கு, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவுக்கு, ‘சக்கரச்சாய்வு’ என்று நாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். சக்கரத்தை உடலோடு இணைக்க மேலும் கீழும் கை வைத்த டபுள் விஷ்போன் வகையில், உடல் ஒரு பக்கம் சரியும்போது கைகளின் நீள வித்தியாசம் வளைவின் வெளிச்சக்கரத்தை ஓரளவு நிமிர்த்திக் கொடுக்கும். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் மேல்கையே கிடையாது. அந்த உதவி மிகக் குறைவு. உடல் சரிந்த அளவில் பெரும்பகுதி வெளிச்சக்கரமும் வெளியே சாய்ந்து, டயர் ஓரத்தில் ஓடும். இதை ‘சாய்வு’ என்ற ஒரே சொல்லால் எழுதினால், “சாய்வைக் குறைத்தால் சாய்வு குறையும்” என்றுதான் வாக்கியம் வரும்.

ஆகவே உடல் பக்கவாட்டில் சரிவதற்கு (ரோல்) ஒருக்களிப்பு என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஒருக்களித்துப் படுப்பது எல்லாருக்கும் தெரியும். “வண்டி ஒருக்களித்தால் சக்கரச்சாய்வு கெடும்” என்பதில் குழப்பமே இல்லை. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: ஒருக்களிப்பு மையம் (உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அது), ஒருக்களிப்புக் கோணம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் அவசியம். ஸ்ட்ரட் வண்டியைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட ஒருக்களிப்பு மையம் அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள நெம்புகோல் நீள்கிறது. அதே விறைப்பில் (ஸ்டிஃப்னஸ்) வண்டி இன்னும் கூடுதலாக ஒருக்களிக்கும்.

அடுத்து விறைப்பு, அதாவது வளைவதையும் முறுக்குவதையும் எதிர்க்கும் தன்மை. ஸ்டிஃப்னஸுக்குக் ‘கடினம்’ வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். கடினத்தன்மை என்பது கீறலுக்கும் பதிவுக்கும் ஈடுகொடுப்பது. எஃகைப் பதப்படுத்தினால் கடினம் கூடும், வலிமை கூடும். விறைப்பு அநேகமாக மாறாது, ஏனென்றால் எஃகின் விறைப்புக் குணகம் (ஷியர் மாடுலஸ்) எந்த ரகத்திலும் ஏறக்குறைய 80 கிகாபாஸ்கல்தான். விறைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தடிமன், அதுவும் விட்டத்தின் நான்காம் அடுக்கில். 20 மி.மீ. தண்டை 22 மி.மீ. ஆக்கினால் முறுக்கு விறைப்பு 46 சதவீதம் ஏறும். 24 மி.மீ. என்றால் இரண்டு மடங்கைத் தாண்டும். “கடினமான தண்டு” என்று எழுதினால் வாசகர் உலோகத்தை மாற்றப் போவார்.

சுருள்வில்லுக்கும் (காயில் ஸ்பிரிங்) தண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு: கூட்டிப் பார்க்கலாம். ஒருக்களிப்பு விறைப்பு = சுருள்வில் தருவது + தண்டு தருவது. சுருள்வில்லை முதலில் பயண சுகத்துக்காகத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு மூலையில் 300 கிலோ எடை, சக்கர விறைப்பு (சக்கரத்தில் அளந்தால் கிடைக்கும் ஸ்பிரிங் விறைப்பு) மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால் அதிர்வெண் சுமார் 1.3 ஹெர்ட்ஸ், குடும்பக் காருக்கு இதமானது. போதாத ஒருக்களிப்பு விறைப்பைத் தண்டு நிரப்பும். முன்தண்டைத் தடிப்பாக்கினால் முன்பக்க வெளிச்சக்கரத்தில் சுமை ஏறி, முன்பிடிப்பு குறையும் என்பது பொதுவிதி. ஸ்ட்ரட் வண்டியில் சில நேரம் நேர்மாறாக முன்பிடிப்பு கூடும். ஒருக்களிப்பு குறைந்ததால் சக்கரச்சாய்வு காப்பாற்றப்படுவதே காரணம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. இதைத் தமிழில் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டு.

சரி, தண்டின் பெயர். ஒருக்களிப்புத் தண்டு போதும் என்கிறேன். ‘தடை’ என்று சேர்க்காவிட்டால் பொருள் மாறாதா என்று கேட்பீர்கள். கொசுவலை கொசுவைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதைக் கொசுத்தடை வலை என்று யாரும் சொல்வதில்லை. தவிர, தண்டு ஒருக்களிப்பை முழுதாகத் தடுப்பதும் இல்லை. ‘முறுக்குத்தண்டு’ என்பதை அம்பாசடரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்காகவே வேலை செய்த டார்ஷன் பாருக்கு விட்டுவைப்போம்.

ஒரு தடை மட்டும் எனக்கே தோன்றுகிறது. 1950இல் வந்த ஃபோர்டு கான்சலிலும், நம் ஊர் மாருதி 800இலும் முன்தண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கீழ்க்கை முன்பின்னாக நகராமல் பிடித்துக்கொள்வது. அந்த வேலை பெயரில் வராது. வராவிட்டாலும் பாதகமில்லை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஸ்ட்ரட்டுக்கு ‘முட்டுக்கால்’ என்று வந்த பரிந்துரையைத் தனி இழையில் பேசலாம். முழங்கால் தட்டும் நடைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. அதுவரை ஸ்ட்ரட் என்றே எழுதுகிறேன்.

அன்புடன்.