நர்சிங்கா, ஆக்குபேஷனல் தெரபியா?

முகில்:
பள்ளிப் படிப்பு முடிந்தது. இரண்டுக்குமே இடம் கிடைக்கும். "நர்சிங் படி, வேலை நிச்சயம்" என்கிறார்கள் வீட்டில். என் மனம் ஆக்குபேஷனல் தெரபி பக்கம் சாய்கிறது, அதாவது நோயால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:
பதினாறு வருஷமாக வார்டில் நிற்பவள் சொல்கிறேன் தம்பி, வீட்டில் சொல்வதைக் கேள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகம் முழுக்கச் சுமார் 2.8 கோடி செவிலியர் இருந்தார்கள். அப்படியும் அப்போது 59 லட்சம் பேர் பற்றாக்குறை. ஐசியு ஒத்துவரவில்லையா, டயாலிசிஸுக்கு மாறலாம், பிரசவ வார்டுக்குப் போகலாம், பாடம் நடத்தலாம். ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்னவென்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. சுருக்கமாக 'ஓ.டி.' என்றதும் ஆபரேஷன் தியேட்டரைத்தான் காட்டுவார்கள்.

பொத்தான்:
பெயர் தெரியாவிட்டால் வேலை சிறியதாகிவிடுமா அக்கா? பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த ஒரு ஆசிரியர் என்னிடம் வந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் சட்டையைக்கூட மனைவிதான் மாட்டிவிட வேண்டும். அந்தக் கூச்சத்தில் பார்க்க வந்தவர்களையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் முதலில் சொல்லிக்கொடுத்தது வரிசை: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். அப்புறம் ஒற்றைக் கையால் பொத்தான் மாட்டுவது, அதற்கென்றே உள்ள கொக்கியை வைத்து. ஆறு வாரம் ஆனது. தானே சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். கை அசைய பிசியோதெரபி உழைக்கும். அந்தக் கையோடு அவர் குளிக்க, உடுத்த, எழுத வழி தேடுவது எங்கள் வேலை.

வார்டு அக்கா:
அந்த ஆசிரியர் உங்களிடம் வந்து சேர்ந்தது எப்படி? படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தது யார்? விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு அதைக் கவனித்தவள் ஒரு நர்ஸ்.

பொத்தான்:
மறுக்கவே இல்லை. ஆனால் ஒரே நோயாளியோடு முக்கால் மணி நேரம் உட்கார உங்களுக்குக் கிடைக்குமா? முகிலுக்கு அதுதான் ஆசை என்றால்?

வார்டு அக்கா:
கிடைக்காது. எனக்கு வலிக்கிற இடமும் அதுதான். ஆனால் அது ஆள் போதாததால் வந்த குறை, நர்சிங்கின் குறையல்ல. உங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை ஸ்பூன் பிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம், பிடிக்காமலும் போகலாம். அதைத் தாங்குகிற பொறுமை இந்த வயதில் இருக்குமா?

இரண்டாம் வருடம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆக்குபேஷனல் தெரபி மாணவி. உடற்கூறியல், நரம்பியல் எல்லாம் உண்டு, லேசான படிப்பு இல்லை. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேர நேரடிப் பயிற்சி கேட்கிறது. சேரப்போகும் படிப்புக்கு அந்தக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு தனி.

முகில்:
ஒரு நாள் வார்டிலும் ஒரு நாள் தெரபி அறையிலும் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்கப்போகிறேன். அதற்குப் பிறகுதான் விண்ணப்பம்.

வார்டு அக்கா:
வார்டுக்கு ராத்திரி டூட்டியில் வா தம்பி. விடிகாலை டூட்டி மாற்றிக் கொடுக்கும் வரைக்கும் நில்.