பாக்டீரியா செல்சுவரில் சர்க்கரை இழைகள் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா?

மைக்ரோ மாணவி:
பாக்டீரியா செல்சுவரைக் கட்டும் பெப்டிடோகிளைக்கன் என்றால் என்.ஏ.ஜி., என்.ஏ.எம். என்ற இரண்டு சர்க்கரைகள் பீட்டா-1,4 பிணைப்பில் மாறி மாறி இழையாக வரும், என்.ஏ.எம்.மில் தொங்கும் பெப்டைடுகள் (குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள்) ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும், இவ்வளவு எழுதி மார்க் வாங்கிவிட்டேன். இப்போது செமினாருக்குப் படம் வரைய உட்கார்ந்தால் கை நகரவில்லை. அந்த இழைகள் செல்லைச் சுற்றிப் படுத்திருக்கின்றனவா, வெளிப்பக்கமாக நிமிர்ந்து நிற்கின்றனவா? இன்னொன்று, கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் சுவர் 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமன், கிராம் நெகட்டிவான ஈ. கோலைக்குச் சில நானோமீட்டர்தான், அப்படியிருந்தும் பெனிசிலின் தடித்த சுவரை உடைத்துவிட்டு மெல்லியதை விட்டுவிடுகிறதே, எப்படி?

லேப் கோட்:
ஈ. கோலையில் படுத்துத்தான் இருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் மாடலும் ஒரு காலத்தில் பேசப்பட்டது, ஆனால் கணக்கே இடிக்கும்: ஓர் இரட்டைச் சர்க்கரை (ஒரு என்.ஏ.ஜி., ஒரு என்.ஏ.எம்.) சுமார் 1 நானோமீட்டர் நீளம், ஓர் இழையில் சராசரியாக 20, 30 இருக்கும், அதை நிறுத்திவைத்தால் அந்த மெல்லிய சுவருக்குள் எப்படி அடங்கும்? 2008இல் கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபியில் (உறையவைத்து முப்பரிமாணப் படமெடுக்கும் முறை) பார்த்தபோது இழைகள் செல்லின் குறுக்குச் சுற்றளவைச் சுற்றி ஓடுவது தெரிந்தது. பெப்டைடுகள் நீளவாக்கில் அவற்றை இணைக்கின்றன.

கிராம் பாசிட்டிவான ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு கதை. அதன் இழைகள் ரொம்பக் குட்டை. 2020இல் வந்த அணுவிசை நுண்ணோக்கிப் படங்களில், முதிர்ந்த சுவரின் வெளிமுகம் ஒழுங்கே இல்லாத ஓட்டை வலையாக இருந்தது, உள்முகம் நெருக்கமாக இருந்தது, அப்போதுதான் பிரிந்த செல்லின் புது முகத்தில் மட்டும் வட்ட வட்டமாக இழைகள். எல்லாப் பாக்டீரியாவுக்கும் ஒரே செங்கல் சுவர் வரைவதை விட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய பார்மா:
இரண்டாவது கேள்வியில் ‘உடைத்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். பெனிசிலின் எதையும் உடைப்பதில்லை. பெப்டைடின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து இருக்கும். டிரான்ஸ்பெப்டிடேஸ் என்சைம் அதைப் பிடித்து, கடைசி அலனினைக் கழற்றிவிட்டுப் பக்கத்துப் பெப்டைடோடு கோர்க்கும். பெனிசிலின் அந்த நுனியைப் போலவே இருப்பதால் என்சைம் ஏமாந்து அதைப் பிடிக்கிறது, பெனிசிலினின் பீட்டா-லாக்டம் வளையம் திறந்து என்சைமில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் அந்த என்சைம் எழுந்திருக்காது. ஆனால் செல் வளர்வதற்காகப் பழைய பிணைப்புகளை வெட்டும் என்சைம்கள் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. கோர்ப்பு நின்று வெட்டு மட்டும் நடந்தால், டயர் கிழிந்த சைக்கிள் டியூப்தான், உள்ளழுத்தம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் தடிமன் ஒரு பொருட்டே இல்லை, மருந்து என்சைமை எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. கிராம் பாசிட்டிவ் சுவர் தடித்தாலும் சல்லடை, பெனிசிலின் சின்ன மூலக்கூறு, நுழைந்துவிடும். ஈ. கோலைக்குச் சுவருக்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு பூசிய இன்னொரு சவ்வு இருக்கிறது. அதில் போரின் என்ற புரதத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும், பெனிசிலின் ஜி அதில் சரியாகப் போகாது. ஓர் அமினோ தொகுதி கூடுதலாக உள்ள ஆம்பிசிலின் போகும்.

மைக்ரோ மாணவி:
சரி சார், இப்போது புரிகிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதே என்சைமைத்தான் பிடிக்குமா?

லேப் கோட்:
இல்லை, அது அந்த இரட்டை டி-அலனின் நுனியையே ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பொத்திக்கொள்கிறது. எதிர்ப்புப் பெற்ற என்டெரோகாக்கஸ் கடைசி அலனினுக்குப் பதில் டி-லாக்டேட் வைக்கிறது. ஒரே ஒரு பிணைப்புப் போகிறது, பிடிமானம் சுமார் 1000 மடங்கு குறைகிறது. மருந்து பெரியது என்பதால் கிராம் நெகட்டிவின் போரினிலும் நுழையாது.

படத்துக்கு ஒன்று: பெப்டைடில் மூன்றாவது அமினோ அமிலம் ஈ. கோலையில் டையமினோபிமெலிக் அமிலம், நேரடியாக இணையும். ஆரியஸில் எல்-லைசின், நடுவில் ஐந்து கிளைசின் பாலம். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பழைய பார்மா:
மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும் ஒரு ஸ்லைடில் போடுங்கள். அதற்குச் சுவரே கிடையாது, பெனிசிலின் கொட்டிக் கொடுத்தாலும் அசையாது. அதனால்தான் அது உண்டாக்கும் நிமோனியாவுக்கு ரைபோசோமைத் தாக்கும் அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் பக்கம் போகிறார்கள்.