வருசா வருசம் ஊசி போட்டும் கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். எங்கள் நாய் கருப்பனுக்கு ஆறு வயது. ஊசி அட்டையில் ஒரு வருசம்கூட விட்டுப்போனதில்லை. அதனால் போன மாதம் அவன் சோற்றைத் தொடாமல் படுத்தபோது வெயில் சூடு என்றே நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை வாசலில் மூத்திரம் போனான். சிமெண்டுத் தரையில் பால் விடாத கோப்பி ஓ ஊற்றின மாதிரி நிறம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சோறு வடித்த கஞ்சிபோல் வெளுத்திருந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

டவுன் கிளினிக்கில் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மா, பேபீசியா என்றார். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்கும் ஒட்டுண்ணி. சிவப்பணுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துவிடும். உடைந்த அணுவின் சாயம்தான் அந்த மூத்திர நிறம்.

"வருசா வருசம் ஊசி போட்டோமே டாக்டர்?"

"அது டிஸ்டெம்பர், பார்வோன்னு வைரஸ் நோய்களுக்கும்மா. இதுக்கு இங்க ஊசி இல்ல."

ஐரோப்பாவில் 1980களிலேயே பேபீசியா கேனிஸ் வகைக்குத் தடுப்பூசி வந்திருக்கிறது. அதுவும் நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர தொற்றை அறவே தடுக்காது. நம் பக்கத்து நாய்களுக்கு வருவது பேபீசியாவிலேயே வேறு வகைகளான வோகேலி, கிப்சோனி. அதற்கு அந்த ஊசி கேட்காது.

கருப்பனுக்கு வந்தது வோகேலி. 14 நாள் இடைவெளியில், அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் இமிடோகார்ப் மருந்து இரண்டு ஊசி. போட்டவுடன் எச்சில் நூலாக ஒழுகியது. அது அந்த மருந்தின் குணம், பயப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்து பலகைச் சுவர் இடுக்கில் டார்ச் அடித்தேன். மிளகு கொட்டினாற்போல் உண்ணி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்மேல் இருப்பதை மட்டும் பிடுங்கி என்ன பயன்? இப்போது உண்ணியைக் கொல்ல 12 வாரத்துக்கு ஒரு ஃப்ளூராலனர் மாத்திரை, மறக்காமல் காலண்டரில் குறித்து. ஊசி அட்டையை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதில்:

அக்கா, எனக்கு ஊர் பாகாவ். எங்கள் பெட்டை நாய்க்குக் கிப்சோனி. அதுக்கு இமிடோகார்ப் சரியாகக் கேட்காது. அட்டோவாக்குவோன், அசித்ரோமைசின்னு ரெண்டு மருந்தும் சேர்த்து 10 நாள் கொடுத்தோம். கிப்சோனி உண்ணியால் மட்டும் இல்லைக்கா, கடிச்சுச் சண்டை போட்டாலும் ரத்தம் வழியாப் பரவும். கருப்பன் தெரு நாய்களோட மல்லுக்கு நிக்கிறவனா? அப்படின்னா ராத்திரியில் கேட்டைப் பூட்டி வையுங்க.