சலிக்னா ஒட்டு உத்தரத்தில் பசைக்கோடு பிரிகிறது, என்ன காரணம்?

டர்பன்_பட்டறை:
வணக்கம். காகிதக்கூழுக்கும் சுரங்கக் கட்டைக்கும் போகிற சலிக்னாவில் (யூகலிப்டஸ் வகை மரம்) 6 மீட்டர் உத்தரம் ஒட்டினோம். 90 மிமீ அகலம், 32 மிமீ பலகை 9 அடுக்கு, ஒற்றைக் கூறு பாலியூரித்தேன் பசை. இரண்டே வாரத்தில் முனைகளில் பசைக்கோடு, அதாவது இரு பலகை ஒட்டும் இடம், திறக்கிறது. மரமே ஆகாதா? பைனுக்கே திரும்பிவிடலாமா?

பசை_கவனம்:
மரத்தைக் கைவிடாதீங்க. பைனுக்கான முறையை அப்படியே சலிக்னாவுக்குப் போட்டதுதான் கோளாறு. 32 மிமீ இதற்குத் தடிமன் அதிகம். 20 மிமீயில் 14 அடுக்கு வையுங்க. ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கணும். அடுத்தடுத்த பலகைகளுக்குள் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒன்று சுருங்கச் சுருங்கக் கோடு முனையிலிருந்து கிழியும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இழைத்த அன்றே ஒட்டுங்க. மழுங்கிய கத்தி பரப்பைத் தேய்த்து மினுமினுப்பாக்கிவிடும், பசை உள்ளே இறங்காது.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது அழுத்தத்தில். சலிக்னாவுக்கு 1.2 மெகாபாஸ்கல் வரை தேவைப்படும். 90 மிமீ அகலத்தில் 300 மிமீக்கு ஒரு கிளாம்ப் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 3.3 டன் இறுக்கணும். கை கிளாம்ப் அதற்கு ஈடுகொடுக்காது, ஹைட்ராலிக் பிரஸ் வேணும். பசைக்காரரிடம் யூகலிப்டஸுக்கான பிரைமர் (பசைக்கு முன் பூசும் பூச்சு) உண்டா என்றும் கேளுங்க.

மிட்லேண்ட்ஸ்_ரம்பம்:
மேலே சொன்னது சரி. ஆனால் கோளாறு ரம்பத்திலேயே தொடங்கிவிடும். இந்த மரம் வளரும்போதே உள்ளே இழுவிசை சேர்ந்திருக்கும். வெட்டிப் போட்டால் முனை வெடிக்கும், பலகை வில்லாக வளையும். வெட்டியதும் தாமதிக்காமல், இரு பக்கமும் மாற்றி மாற்றி அறுங்க. நடுநெஞ்சையும் சுற்றியுள்ள நொறுங்கும் பகுதியையும் கழித்துவிடுங்க, உத்தரத்தில் அதற்கு இடமே கிடையாது. சூளையில் அவசரப்பட்டால் செல்கள் உள்ளுக்குள் அமுங்கிப் பலகை குழிவிழும். முதலில் நிழலில் காற்றாட உலர்த்துவதே நல்லது.

டர்பன்_பட்டறை:
நன்றி அண்ணா. கறையானுக்கு மருந்து ஒட்டுமுன்னா, பின்னா? திறந்த கோட்டில் பசை ஊற்றி இறுக்கலாமா?

பசை_கவனம்:
ஒட்டி முடித்த பின். முன்னால் ஏற்றினால், இழைக்கும்போது மருந்தேறிய மேல்பரப்பு சிராயோடு போய்விடும். வைரத்துக்குள் மருந்து அவ்வளவாக இறங்காது. கடற்கரைப் பக்கம் கூரைக்கு எச்2 என்ற மருந்தேற்ற வகை. நீர் கலந்த மருந்து உத்தரத்தை ஊதவைக்கும், கரைப்பான் கலந்ததைக் கேளுங்க.

பசை ஊற்றாதீங்க. இறுகிய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. கோடு கோடாகப் பிளந்து, இழைத்து, மறுபடி ஒட்டுங்க. ஒட்டிய முனையில் ஒரு துண்டு அறுத்து நீரில் ஊறவைத்து உலர்த்திப் பாருங்க; உளியால் பிளக்கும்போது கிழிவது மரமாக இருக்கணும், பசையாக இருக்கக் கூடாது. கூரை தாங்கும் உத்தரம் என்றால் ஒட்டு மரத்துக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை சான்ஸ் 1460படி சோதனை முடியாமல் ஏற்றவே வேண்டாம்.